அத்தியாயம் 14: ஊறுகாய்ப் போத்தலில் இருந்த ஊறல்

போன வாரம் அந்தோனிதாசன் வீட்டுச் சலவை அறையில் ஒரு வாளியை விட்டுவிட்டு வந்தோம். வாளி அங்கேயேதான் இருக்கிறது.

இருபது லீற்றர் கொள்ளும் வெள்ளை வாளி. மூடியில் வளைந்த குழாய் ஒன்று, அதற்குள் கொஞ்சம் தண்ணீர். உள்ளே நொதித்துக் கிளம்பும் காற்று அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்போது 'பிளக்' என்று ஒரு சத்தம் கேட்கும். முதல் கிழமை நிமிடத்துக்கு இருபது பிளக். இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. வாளி தன் கோபத்தை ஆற்றிக்கொண்டுவிட்டது. வீட்டில் மற்றவர்களுக்கு இனித்தான்.

உள்ளே இருப்பது பியர். மகன் ஸ்ரான்லி காய்ச்சியது. இருபத்துமூன்று வயது, டென்மார்க்கின் வைலே துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை, அங்கே ஜூன் நடுவில் நடக்கிற கோடை விருந்துக்கு அவன் ஏற்றுக்கொண்ட பங்கு இது. முளைகட்டிக் காயவைத்த கோதுமை மோல்ட், கசப்புக்குக் கொஞ்சம் ஹொப்ஸ். மிச்ச மணமெல்லாம் தாய்லாந்துக்காரி கடைச் சரக்கு: எலுமிச்சைப்புல், தாய்லாந்துத் தேசி இலை, பேரரத்தை, மல்லி.

"நாடு எரியுது, நீ பியர் காய்ச்சுறாய்" என்றார் தகப்பன்.

"ஜனவரியில கிளிநொச்சி விழேக்கை நீங்களும் மகேந்திரராசா அங்கிளும் விஸ்கி குடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள். தந்திரோபாயப் பின்வாங்கல் எண்டு சொல்லிச் சொல்லி ஊத்தினனீங்கள்" என்றான் மகன்.

அதற்குப் பிறகு இருவரும் உப்பு வேண்டுமென்றால்கூட தாய் செலீனா வழியாகத்தான் கேட்டார்கள்.

போன வாரம் இன்னொன்றும் நடந்தது. மே பதினோராம் திகதி ரொறன்ரோவிலிருந்து செலீனாவின் ஒன்றுவிட்ட அக்கா யோகமலர் இவர்கள் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தாள். செலீனா குளித்துக்கொண்டிருந்தாள். அந்தோனிதாசன்தான் எடுத்தார். செலீனாவின் ஒரே தம்பி சூசைதாசன், விடத்தல்தீவில் உழவு இயந்திரம் திருத்திக்கொண்டிருந்தவன், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனவன், இரண்டு நாளைக்கு முன் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்து முடிந்துபோனான்.

அந்தோனிதாசன் அதை மனைவிக்குச் சொல்லவில்லை. ஒன்றியத் தலைவர் மகேந்திரராசாவுக்குச் சொன்னார்.

*

2009 மே பதினெட்டு, திங்கட்கிழமை.

செலீனா காலை ஆறு மணிக்கு எழும்பினாள். முதலில் கைத்தொலைபேசியைப் பார்த்தாள். மூன்று கிழமையாக அதைத் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் படுக்கிறாள். அழைப்பு இல்லை.

வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் லீவு கேட்டு இது ஆறாவது நாள். தொண்டை இல்லை. நகரசபைச் சதுக்கத்தில் போரை நிறுத்தச்சொல்லி மழைக்குள் நின்று கத்தியதில் குரல் போய்விட்டது. அழுது அழுது மூக்கும் அடைத்துக் கிடந்தது. கோப்பி போட்டால் கோப்பி மணக்கவில்லை. வெங்காயம் தாளித்தால் சத்தம் மட்டும்தான் கேட்டது.

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். பால் போத்தலுக்குப் பின்னால், பீட்ரூட் ஊறுகாய் வந்த பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்று. அதற்குள் மஞ்சள் பாய்ந்த தண்ணீரில் மல்லி, வட்டம் வட்டமாக வெட்டிய அரத்தை, நீட்டு நீட்டாகப் புல்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை அவள் மகனிடம் சொல்லியிருந்தாள்: "தாய்லாந்துக்காரியின்ர கடைப்பக்கம் போனால் எனக்கு மல்லியும் சித்தரத்தையும் வாங்கிக்கொண்டு வா ராசா. மல்லித் தண்ணி அவிச்சால்தான் இந்தத் தொண்டை திறக்கும்." அவன் 'ம்' என்றான். ஸ்ரான்லியின் 'ம்' எதற்கும் உத்தரவாதம் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது பார்த்தால் வாங்கி, கழுவி, வெட்டி, ஊறவும் போட்டு வைத்திருக்கிறான். போராட்டம், ஊர்வலம், உண்ணாவிரதம் எதற்கும் ஒரு நாளும் எட்டிப் பார்க்காத பிள்ளை, தாயின் தொண்டைக்காக.

செலீனாவுக்கு மூன்று கிழமையில் முதல்தடவையாகக் கொஞ்சம் நெஞ்சு இளகியது.

மல்லியை வறுத்து, இஞ்சி தட்டிப் போட்டு, பனங்கற்கண்டு போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டாள். போத்தலில் ஊறியதைக் கொதிக்கவைக்கவில்லை. ஊறின சத்துக் கொதித்தால் போய்விடும், அது தாய் சொல்லித் தந்தது. கடைசியில் வடித்து அப்படியே சேர்த்தாள். இரண்டு லீற்றர் சுடுதண்ணிப் போத்தல் நிரம்பியது. காலிப் போத்தலைக் கழுவித் தட்டில் கவிழ்த்தாள்.

அந்த ஊறல் தண்ணீரல்ல, ஸ்னப்ஸ். டெனிஷ்காரர் மீனோடு குடிக்கிற நாற்பது வீதச் சாராயம். பியரைப் போத்தலில் அடைக்கும் நாளில் மணம் சேர்ப்பதற்காக ஸ்ரான்லி இரண்டு கிழமையாக ஊறவைத்தது. இலையைப் பச்சையாகப் போட்டால் கிருமி போய்ப் பியரைப் புளிக்கவைக்கும், சாராயத்தில் ஊறினால் மணம் மட்டும் போகும். அடைக்கும் நாள் இன்றைக்குத்தான்.

அவன் விடிய ஐந்து மணிக்கே வேலைக்குப் போய்விட்டான். அவள் மூக்கோ அடைத்துக் கிடந்தது.

*

மகேந்திரராசா வைலே தமிழர் ஒன்றியத்தின் தலைவர். பூப்பந்துக் கழகத்துக்கும் தலைவர். தமிழ்ப் பாடசாலைப் பரீட்சைக் குழுவுக்கும் தலைவர். பேக்கரியில் வரிசையில் நின்றாலும் அந்த வரிசைக்குத் தலைவர்போலத்தான் நிற்பார். "வரலாற்றின் இந்தத் திருப்புமுனையில்" என்று தொடங்காமல் அவருக்குக் குட்மோர்னிங் சொல்ல வராது. பெப்ரவரியில் மதுவைத் துறந்தார். துறந்ததை அறிக்கையாக வெளியிட்டார்.

சதுக்கத்தில் அவருக்கென்று ஒரு வெள்ளைக் கூடாரம். அதற்குள் மடக்குக் கதிரை. மேலே பதாகை: 'சாகும்வரை உண்ணாவிரதம்.'

பொலிஸ் கொடுத்த அனுமதி பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை. ஆகவே தலைவர் தினமும் நான்கு மணிக்கு எழுந்து, பதாகையைச் சுருட்டிக் காருக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். அடுத்தநாள் பத்து மணிக்கு வந்து மறுபடி சாகத் தொடங்குவார்.

சுற்றி நின்ற நாற்பது ஐம்பது பேரும் அப்படியானவர்களல்ல. இறைச்சித் தொழிற்சாலையில் சம்பளமில்லாத லீவு எடுத்தவர்கள். ஒடென்சேயிலிருந்து ரயில் ஏறி வந்தவர்கள். ஆளுக்கு ஒரு கைத்தொலைபேசி, ஒவ்வொன்றிலும் எடுபடாத இலக்கம் ஒன்று.

செலீனா முன்வரிசை. அவள் கையில் தம்பியின் படம், பாதிக் கதவு அளவுக்குப் பெருப்பித்தது. கீழே டெனிஷில் 'என் தம்பியைக் காப்பாற்றுங்கள்'. அது அவன் கலியாணப் படம். பக்கத்தில் நின்ற மனைவி விமலராணியை வெட்டிவிடச் சொன்னவர் மகேந்திரராசா. "ரீவிக்கு ஒரு முகம் போதும், தங்கச்சி. ரண்டு முகம் எண்டால் கவனம் சிதறும்." படத்திலிருந்து விமலராணி போனாள். சூசைதாசனின் தோளில் அவள் வைத்திருந்த நான்கு விரல்கள் மட்டும் வெட்டுக்குத் தப்பி மிச்சம்.

வியாழக்கிழமை உள்ளூர்த் தொலைக்காட்சி வந்தபோதும் அவர்தான் செலீனாவை முன்னால் தள்ளினார். "படத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடியும். அழுகை வந்தால் அடக்கவேண்டாம்." அவள் அடக்கவில்லை. சூசைதாசன் இறந்து அன்றைக்கு ஆறாம் நாள். தள்ளியவருக்கும் அது தெரியும், பக்கத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நின்ற புருசனுக்கும் தெரியும்.

*

பன்னிரண்டு மணியளவில் கைத்தொலைபேசிகள் ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கின. லண்டனிலிருந்து, பாரிஸிலிருந்து. எல்லாரும் ஒரே செய்தியைத்தான் சொன்னார்கள். எல்லாம் முடிந்தது என்று கொழும்பு அறிவித்துவிட்டது.

கத்திக்கொண்டு நின்றவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைக்குப் போகிற டெனிஷ்காரர்கள் முதல்தடவையாக நின்று பார்த்தார்கள். சத்தம் நின்றதும்தான் அவர்களுக்குக் கேட்டது போலும்.

மகேந்திரராசா ஒலிபெருக்கியை வாங்கினார்.

"வரலாற்றின் இந்தத் திருப்புமுனையில், எதிரியின் உளவியல் யுத்தத்துக்கு நாங்கள் பலியாகக்கூடாது. வதந்திகளை..." இருமல் வந்தது. "தங்கச்சி, குடிக்க ஏதாவது."

தான் இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்காத சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து, செலீனா அதன் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். தொலைக்காட்சி மறுபடி வருகிற நாள் என்பதால் தலைவர் அன்று காலைச் சாப்பாட்டையும் உண்மையாகவே விட்டிருந்தார். ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். மூடிக்குள் பார்த்தார்.

"இது என்ன?"

"மல்லித் தண்ணி, அண்ணை. அரத்தையும் கிடக்கு. ஸ்ரான்லி ஊறப்போட்டது."

விஸ்கியில் முப்பது வருட அனுபவம் உள்ள நாக்கு. அதற்கு விளங்காமலா போகும். மகேந்திரராசா செலீனாவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மறுபடி மூடியைப் பார்த்தார்.

"பெடியன் திருந்திட்டான்" என்றார். "இன்னும் கொஞ்சம் விடும், தங்கச்சி. தொண்டைக்கு இதமாக் கிடக்கு."

*

இரண்டு மணிக்கு ஸ்ரான்லி வீட்டுக்கு வந்தான். வெந்நீரில் ஊறிய நாற்பது காலிப் போத்தல்களை வரிசையாக அடுக்கினான். மூடி அடிக்கிற கருவியை எடுத்து வைத்தான். சலவை அறைக்கு டெனிஷ்காரர் இன்னும் 'காய்ச்சும் அறை' என்றுதான் பெயர் சொல்கிறார்கள், பழைய காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பியர் அங்கேதான் கொதித்தது. தகப்பனோடு நடந்த சண்டையில் அவன் எடுத்துவிட்ட வாதங்களில் அதுவும் ஒன்று.

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தான். பால் போத்தல் இருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

தட்டில் கவிழ்த்திருந்த ஊறுகாய்ப் போத்தலைக் கண்டான். பக்கத்தில் வடிதட்டு. அதில் சக்கையாகிப்போன மல்லி. அடுப்பில் பனங்கற்கண்டு ஒட்டிய சட்டி.

அவன் சட்டியை மணந்து பார்த்தான். பிறகு சட்டைக்கு மேலே ஜாக்கெட்கூடப் போடாமல் சைக்கிளை எடுத்தான். மூன்று தடவை தாய்க்கு அழைத்தான். மூன்று தடவையும் யாரும் எடுக்கவில்லை.

*

மகேந்திரராசா ஆறாவது மூடியை முடித்திருந்தார்.

நான்காவது மூடியில் அவர் உலகநாடுகளைத் திட்டினார். ஐந்தாவதில் ஒடென்சே ஒன்றியத் தலைவரைத் திட்டினார். ஆறாவதில் கதிரையில் சரிந்து அழத் தொடங்கினார். நாலு மாதம் ஒலிபெருக்கிக்கு முன்னால் வராத கண்ணீர், கைக்குட்டை எடுக்கவும் நினைவில்லாமல் மீசையில் வழிந்தது. உண்மையான அழுகை. அது அவருக்கே புதிதாக இருந்திருக்கவேண்டும்.

"முடிஞ்சுது, தங்கச்சி. எல்லாம் முடிஞ்சுது. எனக்கு ஜனவரியிலேயே தெரியும்."

"அழாதையுங்கோ, அண்ணை. சனம் பாக்குது."

"நான் பாவி, தங்கச்சி." அவர் செலீனாவின் கையைப் பிடித்தார். "உமக்குச் செய்தது பாவம். உம்மட மனுசன் தாசன் வந்து கேட்டவன், சொல்லட்டோ எண்டு. நான்தான் பொறு எண்டனான். நீர் உடைஞ்சால் பொம்பிளையள் எல்லாம் வீட்டை போயிடுவினம். பிறகு ரீவிக்கு ஆர்?"

"எதைச் சொல்ல?"

"இது தனிச் சாவு இல்லை, தேசத்தின்ர சாவு எண்டு சொன்னனான். தேசம் சொல்லேக்கை சொல்லுவம் எண்டனான். ஒன்பதாம் திகதி, தங்கச்சி. நல்ல பெடியன். தண்ணி அள்ளப் போனவனாம்."

செலீனா கையை இழுத்துக்கொண்டாள்.

அவள் கத்தவில்லை. படத்தைக் கீழே விடவும் இல்லை. அதைத் திருப்பித் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கடன் வாங்கிய கோட்டுக்குள் நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். பிறகு விரல்விட்டு எண்ணினாள். ஒன்பது, பத்து, பதினொன்று. பதினாறில் நிறுத்தினாள். எட்டாம் நாள், செத்தவருக்கு 'எட்டு' செய்கிற நாள். சனிக்கிழமை.

அந்தோனிதாசன் அப்போதுதான் மனுவைக் கையளிக்கும் நேரம் பேசிவிட்டு, நகரசபைப் படியிலிருந்து இறங்கி வந்தார். "நாலு மணிக்கு மனு வாங்க ஆள் வருகுதாம், செலீனா. நீ முன்னுக்கு..."

"இஞ்சருங்கோ. ஒரு கிழமையா நீங்கள் ஏன் இறைச்சி தொடேல்லை?"

அவர் மகேந்திரராசாவைப் பார்த்தார். மீசை நனைந்த அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது.

"செலீனா, வீட்டை போய்க் கதைப்பம்."

"சனிக்கிழமை ஆட்டிறைச்சி சமைச்சனான். வயித்துக்குச் சரியில்லை எண்டியள். பருப்பும் சோறும் தின்டியள். நான் நினைச்சன், மனுசன் போராட்டத்துக்காக இருக்குது எண்டு. பெருமையாவும் இருந்தது."

"நான் உனக்காகத்தான்..."

"நீங்கள் துக்கம் காத்தனீங்கள். என்ர தம்பிக்கு நீங்கள் துக்கம் காத்தனீங்கள். அவன்ர எட்டுக்கு என்னை இறைச்சி சமைக்க விட்டிட்டு. உப்புக் காணுமோ எண்டு நான் வாயில வைச்சுப் பாத்தனான்."

அந்தோனிதாசன் வாயைத் திறந்தார். மூடினார். செயலாளராகப் பதினொரு வருடம் ஒன்றியத்துக்கு அறிக்கை எழுதியவர்.

"உங்களிட்ட இருந்த துக்கத்தில எனக்குக் கொஞ்சம் தந்திருக்கலாம்" என்றாள் செலீனா. "அது என்ர."

கூட்டம் நெருங்கி வந்து கேட்டுக்கொண்டு நின்றது. அப்போதுதான் ஸ்ரான்லி சைக்கிளோடு வந்து நின்றான். மூச்சு வாங்கினான். சுடுதண்ணிப் போத்தலைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தான். அடியில்தான் கொஞ்சம் கிடந்தது.

"அம்மா" என்றான் மெல்ல. "அது ஸ்னப்ஸ். பியருக்கு ஊறப்போட்டது. நீங்கள் குடிச்சனீங்களோ?"

"இல்லை. உங்கட தலைவர் குடிச்சவர்."

"சொறி, அம்மா."

"நீ கொஞ்சம் முந்தியே ஊறப்போட்டிருக்கலாம்."

அவனுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒடென்சேக்காரி ஒருத்தி அவன் காதுக்குள் சொன்னாள். ஸ்ரான்லி தகப்பனை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை அந்தோனிதாசன் தாங்கவில்லை. தன் சப்பாத்தைப் பார்த்தார்.

பதாகை எழுதுகிற தடித்த கறுப்புப் பேனை கூடார மேசையில் கிடந்தது. செலீனா எடுத்தாள். படத்தின் கீழே 'காப்பாற்றுங்கள்' என்றிருந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தாள். இரண்டு கோடு. அதற்குக் கீழே எழுதினாள்: 9.5.2009.

படத் தட்டியைக் கொண்டுபோய் மகேந்திரராசாவின் மடியில் நிறுத்தினாள்.

"பிடியும்."

இருபது வருடமாக 'நீங்கள், அண்ணை' என்ற வாய் அது, இன்றைக்கு 'நீர்' போட்டது. அவர் திகைத்துப்போய்ப் பிடித்தார்.

"தூக்கிப் பிடியும். நாலு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கு. அழுகை வந்தால் அடக்கவேண்டாம்."

தொலைக்காட்சிக்காரப் பெண் கமெராக்காரனோடு வந்தபோது கண்டது இதுதான்: 'சாகும்வரை' என்ற பதாகைக்குக் கீழே, நேராக இருக்கமுடியாத ஒரு மனிதர், தலைகுனிந்து, கையில் ஒரு படம். அவளுக்குப் போன வாரப் படம் நினைவிருந்தது. அந்தத் திகதி என்ன என்று டெனிஷில் கேட்டாள். தலைவருக்கு டெனிஷ் வராமல் போனது. தமிழும் வரவில்லை.

ஸ்ரான்லி டெனிஷில் சொன்னான். இந்தச் சதுக்கத்தில் அவன் பேசிய முதல் பேச்சு. ஒலிபெருக்கி இல்லை, திருப்புமுனை இல்லை.

"அது என்ர மாமா செத்த நாள். வியாழக்கிழமை நீங்கள் அம்மாவைப் படம் எடுக்கேக்கை அவர் செத்து ஆறு நாள். அம்மாவுக்குத் தெரியாது. இந்த ரண்டு பேருக்கும் தெரியும்."

அவன் விரல் காட்டிய இரண்டாவது ஆள் அவனுடைய தகப்பன்.

*

ஸ்ரான்லி சைக்கிளைச் சதுக்கத்தில் பூட்டிவைத்துவிட்டுத் தாயோடு பஸ் ஏறினான். வெளியே கடுகு வயல்கள் வெட்கமில்லாமல் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. அந்தோனிதாசன் அடுத்த பஸ்ஸில் வந்தார். ஒரே பஸ்ஸில் ஏற அவருக்குத் துணிவு வரவில்லை.

வீட்டில் செலீனா அல்பத்தைத் திறந்து அந்தக் கலியாணப் படத்தை எடுத்தாள். வெட்டாத படம். சூசைதாசனும் விமலராணியும். தோளில் நான்கு விரல்கள், இந்த முறை அவற்றோடு சேர்ந்து கையும், கையோடு சேர்ந்து ஆளும். விறாந்தையில் ஸ்ரூலை வைத்து, படத்தைச் சாய்த்து, மெழுகுதிரி கொளுத்தினாள்.

சலவை அறையில் ஸ்ரான்லி வாளியைத் தூக்கப் பார்த்தான்.

"என்ன செய்யிறாய்?"

"ஊத்தப்போறன். இனி என்ன பார்ட்டி, அம்மா."

"வை அதை."

அவன் வைத்தான். குழாய் ஒரு தடவை விக்கியது.

"திரும்ப ஊறப்போட்டால் எத்தினை நாள் செல்லும்?"

ஸ்ரான்லி யோசித்தான். "ஊற ஒரு கிழமை காணும். பிறகு போத்தல்ல ரண்டு கிழமை. மூண்டு கிழமை."

செலீனா மறுபடி விரல்விட்டாள். ஜூன் எட்டு. முப்பத்தோராம் நாள், செத்தவர் நினைவுக்குப் படைக்கிற நாள்.

"அவனுக்குப் பியர் எண்டால் உயிர். மன்னாரில திருவிழாவுக்குத் திருவிழா அப்பருக்குத் தெரியாமல் எனக்கும் ஒரு வாய் தருவான்." வாளியின் மூடியில் கையை வைத்தாள். பிறகு அதை இழுத்துச் சரிசெய்தாள். "முப்பத்தொண்டுக்கு அவன்ர படத்துக்கு முன்னால வைப்பம். போய்ப் புல்லும் அரத்தையும் வாங்கிக்கொண்டு வா. தாய்லாந்துக்காரி ஆறரைக்குப் பூட்டிப்போடுவாள். ஸ்னப்ஸ் மிச்சம் கிடக்கோ?"

"கிடக்கு."

"நல்லதா வாங்கு, காஞ்சது வேண்டாம்."

வாசலில் அந்தோனிதாசன் நின்றார். சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். மகன் அவரைக் கடந்து, தோள் படாமல் வெளியே போனான்.

"செலீனா, அவ்வளவும்தான். வேற ஒண்டும் நான் மறைக்கேல்லை. மாதாவாணை."

அவள் கைத்தொலைபேசியை எடுத்தாள். ரொறன்ரோவில் மத்தியானம். இரண்டாம் மணியிலேயே யோகமலர் எடுத்துவிட்டாள்.

"செலீனாவோ? கடவுளே. இப்ப எப்பிடிச் சுகம் உனக்கு?"

"எனக்கு என்ன?"

"ஊசி போட்டுப் படுத்திருக்கிறாய், கதைக்க ஏலாது எண்டெல்லோ உன்ர மனுசன் சொன்னவர். வீட்டுப் போனுக்கு நாலு தரம் எடுத்திட்டன்."

செலீனா வாசலைப் பார்த்தாள். அந்தோனிதாசன் சப்பாத்தோடு ஒரு அடி உள்ளே வந்தார். கையை நீட்டினார், தொலைபேசியைக் கேட்பதுபோல.

"தம்பியின்ர செய்தி எனக்கு இண்டைக்குத்தான் தெரியும், அக்கா."

அந்தப் பக்கம் காலடிச் சத்தம். யாரோ ஒரு கதவைச் சாத்துகிற சத்தம். பிறகு யோகமலரின் குரல், தணிந்து:

"அப்ப சனிக்கிழமை வவுனியா முகாமிலயிருந்து விமலராணி உங்கட வீட்டுக்கு எடுத்ததையும், அவள் உன்னட்டக் கேட்டதையும் அவர் சொல்லேல்லையோ?"